ஸ்ரீக்கு இரண்டு காம்பிரா

“வரம்பில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் அவன் தமிழ் படித்தவனாக இருக்கமாட்டான்.”

கண்டி வாவிக்கு எதிரே உள்ள ஒரு மண்டபத்தில், தமிழும் கணினியும் பற்றிப் பேசக் கூடிய சபையில் திருவாளர் செல்லப்பா இவ்வாறு முழங்கியபோது, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியே நின்றுவிட்டது. மின்வெட்டு என்று பிறகு தெரியவந்தது. அந்த நேரத்துக்கு அது மரியாதை போலத்தான் இருந்தது. சபை கைதட்டியது. பாதிப்பேருக்கு வரம்பு என்றால் என்னவென்று தெரியாது; மீதிப்பேருக்கு அடுத்து வரப்போகிற தேநீரைப் பற்றி மட்டும் தெரியும். செல்லப்பா அந்தக் கைதட்டலைச் சிந்தாமல் மஹய்யாவ வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் முழக்கத்தை வரம்பின் விளக்கக் குறிப்பில் முதல் வரியாகப் பதித்துவைத்தார். அதன் கீழே இன்னொரு வரி: “இது முற்றுப்பெற்ற ஆக்கம். இதற்குப் புதிய பதிப்பு ஒருபோதும் தேவைப்படாது.”

வரம்பு என்பது ஒரு நிரல் நூலகம். நூலகம் என்றதும், பக்கத்து வீட்டு பத்மாதேவி டீச்சர் ஒருநாள் வந்து, அங்கே வாரப் பத்திரிகை எல்லாம் வருமா என்று விசாரித்தார். இது அந்த நூலகம் அல்ல. பழைய எழுத்துருவில் தட்டெழுதிய தமிழை இன்றைய ஒருங்குறித் தமிழாக மாற்றித் தரும் சிறிய நிரல். வேறு நிரல் எழுதுகிறவர்கள் காசு கொடுக்காமல் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் பொருத்திக்கொள்ளலாம், பிரித்து உள்ளே பார்க்கலாம், குறை இருந்தால் சொல்லலாம். செல்லப்பா முதல் இரண்டுக்கும் மனமார அனுமதி கொடுத்திருந்தார்.

பகலில் அவர் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, யாரும் வாசிக்காத இடத்தில் ஒட்டுவதற்குக் கொடுப்பார். மாலையில் தமிழைக் காப்பார். காப்பதென்றால் முதலில் வடவெழுத்துகளை வாசலில் நிறுத்துவது. ஸ, ஷ, ஜ, ஹ ஒன்றும் அவருடைய பேனை நுனிக்கு வரக்கூடாது. மனைவி பாலாம்பிகையை மணந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பெயரில் ஒரு வடவெழுத்தும் இல்லை என்பதை அவர் முதற் காரணமாகச் சொல்வார். மகளுக்கு எழுத்தெழுத்தாய்ச் சலித்து சஞ்சீவனி என்று வைத்தார். தாம் வாழும் மஹய்யாவவை ‘மகியாவை’ என்று எழுதி அனுப்பிய கடிதங்கள் இரண்டு தரம் திரும்பி வந்தன. தபால் கந்தோருக்குத் தமிழறிவு போதாது என்று முடிவுகட்டினார்.

இப்படிப்பட்டவருடைய வரம்புக்குள் ஸ்ரீ எப்படி நுழைந்தது என்பது பத்மாதேவி டீச்சரால் வந்த வினை. டீச்சர் யாழ்ப்பாணத்தவர்; கண்டிக்குப் படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தகப்பனார் பெயர் ஸ்ரீகாந்தன். ஆகவே அவருடைய முதலெழுத்து ஸ்ரீ. வரம்பைக் கொண்டு தயாரித்த கோயில் மலரில் அவர் பெயரைச் செல்லப்பா ‘சி. பத்மாதேவி’ என்று அச்சிட்டுவிட்டார். டீச்சர் மலரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து, “தம்பி, நீர் என்ர அப்பாவை மாத்திப்போட்டீர்” என்றார். சிங்கள ஸ்ரீயாக வண்டிகளின் இலக்கத்தகட்டில் ஏறிய காலத்திலேயே நாட்டை இரண்டுபடுத்திய எழுத்து அது. ஒரு வேலியை இரண்டுபடுத்தாமல் விடுமா. கடைசியில் பாலாம்பிகை சமாதானம் பேசி, ஸ்ரீயையும் வரம்பில் சேர்க்கச் செய்தார்.

சேர்த்தார், ஆனால் விருந்தாளியாகத்தான் சேர்த்தார். இங்கேதான் முழுக் கதையும் இருக்கிறது.

வரம்பை எழுதிய காலத்தில் செல்லப்பாவிடம் இருந்தது கிழட்டுக் கணினி. அதன் நினைவகத்தில் இடம் குறைவு. ஆகவே அவர் எழுத்துகளை, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாய் நிற்கும் ஒற்றையறைக் காம்பிராக்கள் போல ஒட்டி ஒட்டி அடுக்கினார். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், முடுக்குக்கூடக் கிடையாது. ஒரு விசைக்கு எத்தனை காம்பிரா? உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும். ஆக, இரண்டு. தமிழில் எந்த எழுத்தும் இதைத் தாண்டாது என்பது அவர் கணக்கு. பிசகில்லாத கணக்கு. ஆனால் ஸ்ரீ பழைய விசைப்பலகையில் ஒரே விசை. ஒருங்குறிக்குள் வந்ததும் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு உருப்படியாகப் பிரிந்து நிற்கும். செல்லப்பா விருந்தாளிக்குப் பாய் போட்டார். அறை கட்டவில்லை. அது தமிழெழுத்தே இல்லை என்றிருக்கும்போது அதற்கு அளவெடுப்பது அவருக்குக் கொள்கைப் பிழையாகத் தோன்றியது.

நீளமான பெயரின் நடுவே வந்தால் ஸ்ரீ அக்கம்பக்கத்தில் காலியாய்க் கிடக்கும் காம்பிராவில் காலை நீட்டிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது. தனியே ஒரு கட்டத்தில் வந்தால்தான் சுவரை இடித்துக்கொண்டு வெளியே போகும். தனியே ஒரு கட்டத்தில் எழுத்து போடுகிறவர்கள் உலகத்தில் யார்? பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தனிக் கட்டத்தில் கேட்கும் இந்த நாட்டார்.

இவ்வளவும் செல்லப்பாவுக்குத் தெரியாமல் இருந்த காலத்தில்தான், பாலாம்பிகை ஒருநாள் காலையில் சேலையைச் சரிசெய்தபடியே, இடது மார்பில் ஒரு கட்டி மாதிரித் தட்டுப்படுகிறது என்றார். டொக்டர் பார்த்தார், ஊசி குத்தி எடுத்து அனுப்பினார். முடிவு புதன்கிழமை. நகரில் உள்ள ஒரு தனியார் மெடிக்கல் சென்டரில் அந்த டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, பன்னிரண்டாம் நம்பர் வாங்கியாயிற்று.

பாலாம்பிகை துணிக்கடையொன்றில் காசாளர், அழுகிறவர் அல்ல. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சஞ்சீவனிக்கு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இரசாயனவியல் வியாழக்கிழமை.

“எது வந்தாலும் நான் தாங்கிக்குவேன். பிள்ளைக்கு மட்டும் பரீட்சை முடியிறவரைக்கும் தெரியக்கூடாதுங்க. முடிஞ்சதும் நானே சொல்றேன். வேற ஒரு வாய்லயிருந்து அவ கேக்கக்கூடாது.”

நியாயமான நிபந்தனை. நடக்கக்கூடியதுதானா என்பதுதான் கேள்வி. மஹய்யாவவில் ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தால் மூன்றாம் வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். போதாக்குறைக்கு சஞ்சீவனிக்கு இரசாயனம் சொல்லிக்கொடுப்பவர் பத்மாதேவி டீச்சர். தங்கமான மனுஷி. யாருக்கு நோய் என்றாலும் முதலில் அழுகிறவர் அவர்; அந்த அழுகைக்குக் காரணத்தைத் தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் துடைப்பார்.

அந்த டீச்சர்தான் சீனி வருத்தத்துக்காக அதே சென்டருக்குப் போய்வந்து, வேலியோரம் ஒரு விசேஷத்தை அவிழ்த்திருந்தார். அங்கே புதிதாகத் தமிழில் நம்பர்த் துண்டு அடித்துக் கொடுக்கிறார்களாம். அவருடைய துண்டில் அவருடைய விவரத்துக்குக் கீழே இன்னொருவருடைய விவரமும் வந்துவிட்டதாம். “பேர் சொல்லமாட்டன், பாவம். கம்பளையில சாமான் கடை வைச்சிருக்கிற மனுசன். மூலமாம்.” அடுத்த மூச்சில் பேரையும் சொன்னார். பாலாம்பிகை சிரித்தார். துண்டடிக்கும் பையன் கவனக்குறைவானவன் என்று செல்லப்பா தீர்ப்பளித்தார்.

அதே வாரம் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அலவத்துகொடயிலிருந்து ஸனா என்ற பெண். நிரல்களில் பாதுகாப்புக் குறை தேடுவது அவள் உத்தியோகம். கண்டபடி எழுத்துகளை வாரி ஒரு நிரலுக்குள் எறிந்து, எங்கே முறிகிறது என்று பார்ப்பாள். வரம்பு ஸ்ரீயில் முறிகிறது என்றும், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதுகிறது என்றும், பக்கத்துப் பதிவின் விவரம் வெளியே வருகிறது என்றும் பணிவாக எழுதியிருந்தாள். செல்லப்பா ‘மதிப்புக்குரிய சனா அம்மையாருக்கு’ என்று தொடங்கி நெடிய பதில் அனுப்பினார். அதில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, சார்பெழுத்து எல்லாம் இருந்தன. ஓட்டையைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

பதிலை வாசித்தவள் சனிக்கிழமை பின்னேரம் நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும், பர்தாவுக்கு மேலே மழைக்கோட்டு. பாலாம்பிகை கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார். ஸனா தேநீரைக் குடித்து முடித்து, செல்லப்பாவின் கணினியிலேயே வரம்பைத் திறக்கச் சொன்னாள். முதல் பதிவின் முதலெழுத்துக் கட்டத்தில் அவள் ஸ்ரீ என்று போட்டாள். இரண்டாம் பதிவில் அவர் விரும்பியதை எழுதலாம், தான் பார்க்கமாட்டேன் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்லப்பா எழுதினார். பிறகு அவள் திரும்பி, முதல் பதிவை மட்டும் அச்சிடச் சொன்னாள்.

திரையில் முதல் பதிவு வந்தது. அது முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை. ஸனா கீழே வந்ததைச் சத்தமாக வாசித்தாள்.

“‘இப்பெண்ணுக்குத் தமிழ் இலக்கணம் அறவே தெரியாது.’ எழுத்துப்பிழை ஒண்டும் இல்ல சேர். நானும் தமிழ்மொழிமூலம்தான் படிச்ச.”

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. சிரிப்பை அடக்கும்போது பாலாம்பிகையின் கையிலிருந்து எதுவாவது விழும்.

செல்லப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும், இத்தோடு முடிந்தது என்று ஒரு குறி வைத்திருந்தார். ஸ்ரீ கால் நீட்டி அந்தக் குறியை மிதித்து அழித்துவிட்டது. முடிவு எங்கே என்று தெரியாத இயந்திரம் அடுத்த வீட்டுக்குள்ளும் போய் வாசித்திருக்கிறது.

“இது வெளையாட்டு இல்ல சேர். பத்து ஸ்ரீ போட்டா பத்து வீடு தொறக்கும். வேணுமெண்டு செய்றவன் ஊட்டுல இருந்து ஒன்லைன்லயே செய்யலாம். கண்டியில ஒரு மெடிக்கல் சென்டர் நம்பர் துண்டு அடிக்கிறதுக்கு இததான் பாவிக்கிது.”

எந்த சென்டர் என்று செல்லப்பா கேட்டார். அவள் சொன்னாள்.

கம்பளைச் சாமான் கடைக்காரரின் மூலநோய் அவர் கண்முன் ஒருமுறை வந்து போனது. அதன் பின்னாலேயே புதன்கிழமை வந்து நின்றது. சமையலறையிலும் இப்போது சத்தமில்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு என்று ஸனா விளக்கினாள். குறை கண்டவர் முதலில் எழுதியவரிடம் காதோடு சொல்வார். எழுதியவர் அடைத்துவிட்டு, இன்ன ஓட்டை இருந்தது, அடைத்தாயிற்று, எல்லாரும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஊரறிய அறிவித்தல் போடவேண்டும். அடைப்பது பாதி, அறிவிப்பது பாதி. சென்டருக்கு மென்பொருள் செய்துகொடுத்த கொம்பனியிடமும் அவள் பேசிப் பார்த்திருந்தாள். எழுதினவரே ஓட்டை இல்லை என்று எழுதிவைத்திருக்கும்போது நீங்கள் யார் என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை செல்லப்பா ஓட்டையை அடைத்தார். இரண்டை நான்காக்கினார், இடம் போதாவிட்டால் எழுதாமல் நிற்கும்படி காவலும் வைத்தார். வேலை சுத்தம். புதிய பதிப்பை ஏற்றினார். அதற்கான குறிப்பு எழுதும் இடத்தில் விரல் நின்றது. ஊரறிய? மண்டபத்தில் கைதட்டியவர்கள் அறிய? கொஞ்ச நேரம் யோசித்து, “எழுத்தழகில் சிறு திருத்தம்” என்று எழுதி மூடினார்.

ஸனா போன் எடுத்தாள். “சேர், நீங்க உங்கட கதவுக்குப் பூட்டுப் போட்டீங்க. மத்த ஊட்டாக்களுக்கும் அதே கதவுதான். கதவு சரியில்லண்டு சொல்லாட்டி அவங்க எப்படிப் பூட்டுவாங்க?”

மானம் என்றும் ஒன்று இருக்கிறது அம்மா என்று செல்லப்பா எழுத்துத் தமிழில் பதில் சொன்னார். புதிய பதிப்பு வந்திருப்பதைக் கொம்பனிக்காரர்கள் தாமாகவே பார்த்து மாற்றிக்கொள்வார்கள் என்று நம்பினார். எந்தப் புதுப்பதிப்புக்கும் தாம் காரியாலயக் கணினியை ஒருநாளும் மாற்றியதில்லை என்பது அப்போது அவருக்கு நினைவு வரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் சென்டரில் கூட்டம். செருப்புகளுக்கே கதிரை போடவேண்டிய அளவு. பாலாம்பிகை கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கவுன்டரில் துஷாந்த் என்ற பிள்ளை நம்பர் கூப்பிட, ஆட்கள் போய்க் காசு கட்டித் துண்டு வாங்கிக்கொண்டு அவரவர் டொக்டரின் கதவுக்கு முன்னால் வரிசையாக அமர்ந்தார்கள். அன்றைய நம்பர்கள் எல்லாம் காலையிலேயே வரிசைப்படி இயந்திரத்துக்குள் ஏற்றப்பட்டுவிடும். ஏழாம் நம்பர் போய்க்கொண்டிருந்தது.

அப்போது குடையை உதறிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

“அட, நீங்களும் இஞ்சதானே? ஆருக்குப் பிள்ளை, என்ன வருத்தம்?”

பாலாம்பிகை கண்ணிமைக்கவில்லை. “இவருக்குத்தான் டீச்சர். இடுப்புப் பிடிச்சிருச்சு.”

செல்லப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. பத்மாதேவி டீச்சர் அவரைப் பரிவோடு பார்த்து, கம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தால் அப்படித்தான் என்றார். நல்லெண்ணெய் பூசச் சொன்னார். பிறகு தம்முடைய நம்பரைப் பார்த்தார்.

“நான் பதினொண்டு. நீங்கள்?”

“பன்னெண்டு,” என்றார் பாலாம்பிகை.

பதினோராம் வீட்டில் ஸ்ரீ. ஒரே சுவர். அடுத்த பக்கம் பன்னிரண்டாம் வீடு. அதில் பெயர், வயது, விலாசம், மார்புக் கட்டி, ஊசிப் பரிசோதனை முடிவு. செல்லப்பாவுக்கு இப்போது உண்மையாகவே இடுப்புப் பிடித்தது.

கவுன்டருக்குப் போய், மென்பொருளைப் புதுப்பித்தீர்களா என்று துஷாந்தைக் கேட்டார். அதெல்லாம் கொம்பனியில் இருந்து செய்வது என்று அவன் ஒரு போன் இலக்கத்தைக் காட்டினான். பதினோராம் நம்பரின் முதலெழுத்தை மட்டும் மாற்றமுடியுமா என்று கேட்டார். உரிய ஆள் அடையாள அட்டையோடு வந்து சொன்னால் மாற்றலாம் என்றான். எட்டாம் நம்பரைக் கூப்பிட்டான்.

செல்லப்பா டீச்சரிடம் திரும்பி வந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தி, இன்றைக்கு ஒருநாள் மட்டும் முதலெழுத்தை ‘சி’ என்று கொடுக்கமுடியுமா டீச்சர் என்று கேட்டார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உமக்கு இன்னும் அந்தக் கோவம் போகேல்ல, என்ன? இடுப்பு நோகேக்கையும் என்ர அப்பாவை விடமாட்டீர்.”

அந்த வழி அடைந்தது. நம்பரை மாற்றிக்கொண்டாலும் பயனில்லை; வீடுகள் காலையிலேயே ஒதுக்கியாயிற்று. அச்சுப்பொறியின் மேல் மயங்கி விழுவது பற்றி அவர் சிறிது நேரம் ஆழ்ந்து சிந்தித்தார். ஒன்பதைக் கூப்பிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி, கொம்பனிக்குப் போன் போட்டார்.

மறுமுனையில் ஸிபான் என்ற பையன். ஓம், புதுப்பதிப்பு வந்திருப்பதைப் பார்த்தார்களாம். எழுத்தழகு என்று போட்டிருந்ததாம். அதற்கெல்லாம் ஓடுகிற இயந்திரத்தைத் தொடமாட்டார்களாம். பாதுகாப்பு அறிவித்தல் வந்தால் மட்டும் உடனே மாற்றுவார்களாம், இங்கிருந்தே ஐந்து நிமிஷ வேலையாம். செல்லப்பா தாம்தான் வரம்பை எழுதியவர் என்றார், பாரதூரமான ஓட்டை இருக்கிறது என்றார்.

“நீங்கதான் எழுதினீங்கண்டு நான் எப்படி நம்புற? எழுதினவர் இதுல வேற மாதிரில்லோ சொல்லீக்கிறார். இருங்க வாசிக்கிறேன்.” வாசித்தான். மண்டபத்தில் மின்விசிறியை நிறுத்திய அந்த வாக்கியம், செல்லப்பாவின் காதில் எழுத்துப் பிசகாமல் வந்து விழுந்தது. இரண்டாம் வரியையும் விடவில்லை. பிறகு பையன் மரியாதையாகவே சொன்னான்: “அவர் அவர்ட பேருல அறிவித்தல் போட்டா நான் ஒடனே மாத்துவேன் சேர். வாய்ப்பேச்சுக்கு மாத்தினா என்ட வேல பெய்த்திடும்.”

கவுன்டரில் ஒன்பதாம் நம்பர்க்காரர் சில்லறை தேடினார். நல்ல மனுஷன், நிதானமாகத் தேடினார். சுவரோரத்தில் பாலாம்பிகை டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சஞ்சீவனியின் நாளைய வினாத்தாளைப் பற்றி. சிரித்துத்தான் பேசினார். கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தார். விரல் நுனி வெளுத்திருந்தது. அவர் தலை நிமிர்த்திப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

செல்லப்பா கைப்பேசியில் வரம்பின் பக்கத்தைத் திறந்து, ‘பாதுகாப்பு அறிவித்தல்’ என்று தொடங்கினார். “சிறீ என்ற எழுத்து தனியே வருமிடத்து” என்று எழுதினார். எழுதியதை வாசித்தார். சிறீ தனியே வந்தால் ஒன்றும் முறியாது. அது ஒழுக்கமாக நான்கு காம்பிராவில் அடங்கிவிடும். இதை வாசிக்கிற ஸிபான் சிறீயைப் போட்டுப் பார்ப்பான், ஓட்டை இல்லையே என்பான். அழித்தார். கைப்பேசியின் விசைப்பலகையில் வடவெழுத்து வரிசையை அவர் எப்போதோ மறைத்துவைத்திருந்தார். அதை எங்கே மறைத்தார் என்று தேடவேண்டியிருந்தது.

“பத்து,” என்றான் துஷாந்த்.

கண்டுபிடித்தார். தட்டினார்.

“வரம்பு, இதுவரை வெளிவந்த எல்லாப் பதிப்புகளும். ஸ்ரீ என்ற எழுத்து தனியே வந்தால், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதப்படும். பிறர் விவரம் வெளியாகும். உடனே புதிய பதிப்புக்கு மாறுங்கள். பிழை என்னுடையது. செல்லப்பா, கண்டி.”

ஒரு முற்றுப்புள்ளி குறைந்திருந்ததைச் சேர்த்தார்; அந்த நிலையிலும் சேர்த்தார். வெளியிட்டார். ஸிபானுக்குப் போன் போட்டார். பையன் பக்கத்தைத் திறந்து, மெல்ல முணுமுணுத்து வாசித்து, தானும் ஒரு ஸ்ரீயைப் போட்டுப் பார்த்துவிட்டு, “யா அல்லாஹ்” என்றான். இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

பத்தாம் நம்பர்க்காரி துண்டோடு விலகினார். துஷாந்த் வாயைத் திறந்து, “பதி—” என்றவன் திரையைப் பார்த்தான். விசையைத் தட்டினான், மறுபடி தட்டினான். பிறகு எழுந்து நின்று, சிஸ்டம் விழுந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று மூன்று மொழியிலும் அறிவித்தான். கூட்டம் மூன்று மொழியிலும் பெருமூச்சு விட்டது. இந்த நாட்டில் எதுதான் ஒழுங்காக ஓடுகிறது என்று ஒருவர் செல்லப்பாவிடம் நியாயம் கேட்டார். செல்லப்பா அதற்கு ஒரு கருத்தும் சொல்லவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு இதுவே கவலைக்கிடமான அறிகுறி.

திரை விழித்தது. பத்மாதேவி டீச்சர் கவுன்டருக்குப் போய்க் காசு கட்டினார். அச்சுப்பொறி இழுத்து இழுத்து அடித்தது. பெயர். நம்பர். டொக்டர். சீனி வருத்தம். பொறி இன்னொருமுறை உறுமியது. காகிதத்தை வெட்டிப் போட்டது.

டீச்சர் துண்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “இவ்வளவுதானோ? போனமுறை நீட்டா வந்தது.”

பன்னிரண்டாம் நம்பர்த் துண்டைப் பாலாம்பிகை வாங்கி, மடித்து, மீண்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். டீச்சர் உள்ளே போய்வந்து, இடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அதன் பிறகுதான் கணவனும் மனைவியும் டொக்டரின் கதவுக்குள் போனார்கள்.

வெளியே வந்ததும் பாலாம்பிகை சுவரோரக் கதிரையில் மறுபடி உட்கார்ந்தார். பயப்படுகிற வகைக் கட்டி இல்லை. ஆனாலும் வெட்டி எடுத்துவிடவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கைப்பை வாரை விரலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினார்.

“நாளைக்கு அவ எழுதிட்டு வரட்டும். சாப்பாடு போட்டுட்டு நானே சொல்லிக்கிறேன். படிக்கட்டுக்கிட்ட நின்னு என்னாங்க அவ்வளவு நேரம் எழுதினீங்க?”

செல்லப்பா கைப்பேசியைக் கொடுத்தார். அவர் அறிவித்தலை முதலிலிருந்து வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். சிரிக்கவில்லை, கையிலிருந்து ஒன்றும் விழவுமில்லை.

“அந்தப் பிள்ளையோட பேரு இதுல இல்லையே,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, த்ரீவீல் பிடிக்க வாசலுக்குப் போனார்.

செல்லப்பா அறிவித்தலை மறுபடி திறந்தார். கடைசி வரிக்குக் கீழே, கண்டுபிடித்தவர் என்று எழுதி, சனா என்று தட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழித்துவிட்டு, வடவெழுத்து வரிசைக்குப் போய் நிதானமாகத் தட்டினார்.

“கண்டுபிடித்தவர்: ஸனா, அலவத்துகொட. தமிழ்மொழிமூலம் படித்தவர்.”